வலித்த காலில் பிறந்த தாளம்

ஒரு காலத்தில் பேஸ் டிரம்மையும் கையால்தான் அடித்தார்கள். பெரிய டிரம் ஒரு பக்கம், ஸ்னேர் என்ற சிறிய டிரம் இன்னொரு பக்கம். அதே குச்சியால் அங்கே ஓர் அடி, இங்கே இரண்டடி. சிகாகோ தியேட்டர்களில் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லட்விக்குக்கு இது கட்டுப்படியாகவில்லை. காலால் மிதித்து அடிக்க அப்போது கிடைத்த பெடல்களும் ராக்டைம் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மரத்தில் தானே ஒன்று செய்துகொண்டார். பிறகு அது உலோகத்தில் வந்தது. 1909-இல் தம்பி தியோபால்டோடு சேர்ந்து பெடல் விற்கக் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

கைக்கு விடுதலை, பாரம் முழுக்க வலது காலுக்கு. ஸ்விங் இசையில் பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு அடி, விடாமல். ஆடுகிறவர்கள் அந்தச் சத்தத்தை நம்பித்தான் அடியெடுத்து வைத்தார்கள்.

இந்த நான்கடியில் சிக்கியவர் பிட்ஸ்பர்க்கில் பிறந்த டிரம்மர் கென்னி கிளார்க். 1930-களின் கடைசியில் டெடி ஹில்லின் குழுவில் இருந்தார். ஒரு பாட்டு தலைதெறிக்கிற வேகம். காலால் நான்கையும் போட முடியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தாள ஓட்டத்தை வலது கையால் வாசிக்கும் ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கு மாற்றினார். காலை, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ‘டும்’ என்று இறக்கினார். எதிர்பாராத இடத்தில் விழுந்த அந்த அடிகளுக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் ‘குண்டு’. திட்டமிட்டுச் செய்ததில்லை, தற்செயலாக வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஹில் அவரை வேலையைவிட்டு அனுப்பினார். ஹில்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆடுகிறவர்கள் தடுமாறினால் யார் காசு கொடுப்பார்கள்? வேடிக்கை என்னவென்றால், 1940-இல் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப் ஹில்லின் பொறுப்புக்கு வந்ததும், குழு நடத்த அவர் கூப்பிட்டது இதே கிளார்க்கைத்தான். பியானோவில் தெலோனியஸ் மங்க். அங்கே ஆட்டம் கிடையாது, கேட்க வந்தவர்கள்தான். பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று.

நான்கடி அப்படியே செத்துவிடவில்லை. பல ஜாஸ் டிரம்மர்கள் அதை இறகால் தொடுவதுபோல மெல்ல வாசித்தார்கள். குதிகால் பெடல் பலகையிலேயே படிந்திருக்கும். அசைவது கணுக்கால் மட்டும். பெடலின் அடிகோலான பீட்டர், டிரம்மின் தோலுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கிளம்பி, தொட்டதும் திரும்பிவிடும். அந்த அடி காதில் தனியாக விழாது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். ராக் வந்து சத்தம் கூடியபோது பலர் குதிகாலைத் தூக்கிக்கொண்டார்கள். அப்போது அடிப்பது காலின் எடை. தொடையை முறுக்கி மிதித்தால் சத்தம் கூடுகிறதோ இல்லையோ, கெண்டைக்கால் நிச்சயம் இறுகும்.

பழகுகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று: கால் இழுத்துப் பிடித்தால் பெடலைத் திட்டுவதற்கு முன்னால், முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி ஸ்டூலை உயர்த்திப் பாருங்கள்.