மின்பெட்டியும் கண்ணாடியும்: முகவாதப் புனர்வாழ்வு கடந்து வந்த பாதையும் தீவகமும்

வாய் ஒருபக்கம் இழுத்துப்போனால் யாழ்ப்பாணம் போய்க் 'கரண்ட்' வைத்தால்தான் சரிவரும் என்ற நம்பிக்கை இன்னும் மங்கவில்லை. நெடுந்தீவில் இருப்பவருக்கு அதன் விலை அதிகம். குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ். இப்படிப் பல வாரம் அலையச் சொல்லும் சிகிச்சைக்கு மருத்துவ ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், அந்த நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டின் மிச்சம் என்பதும், அதற்குப் பின் வளர்ந்த இயன்மருத்துவம் தீவுவாசிக்கு இன்னும் நெருங்கிவந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

முகவாதம் நம்மவருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவம் அதை வாத நோய்களில் வைத்து, எண்ணெய், ஒற்றடம், தொக்கணம் என்று கையால் செய்யும் முறைகளை வகுத்தது. முகத்தின் அசைவுக்கெனத் தனி நரம்பு உண்டென்று சார்ள்ஸ் பெல் லண்டனில் எழுதியது 1821இல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய அவருடைய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. பெல்லுக்கும் இதற்கும் இடையே அரை நூற்றாண்டுதான். ஆனால் உடற்கூறு அறிந்ததனால் மட்டும் புனர்வாழ்வு வந்துவிடவில்லை. பிரான்சில் டுஷேன் 1862இல் வெளியிட்ட நூலில், மின்னோட்டத்தால் முகத் தசைகளை ஒவ்வொன்றாகச் சுருங்கவைத்துப் படம்பிடித்துக் காட்டினார். அசையாத முகம் கண்முன்னே அசைந்தால் யார்தான் நம்பமாட்டார்? தசையைத் துடிக்கவைப்பதும் நரம்பைக் குணமாக்குவதும் ஒன்றென்ற மயக்கம் அந்தக் காட்சியில் வேர்விட்டது என்பது என் கணிப்பு.

அந்த மயக்கம் நீடித்ததற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. பைட்டர்சன் 2002இல் வெளியிட்ட கோப்பன்ஹேகன் ஆய்வில், காரணம் தெரியாத முகவாதம் வந்த 1,701 பேர் சிகிச்சையின்றியே கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் 71 சதவீதத்தினர் முழுமையாகத் தேறினார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் தாமாகவே தேறும் நோயில் மின்பெட்டிக்கும் பெயர் கிடைக்கும், எண்ணெய்க்கும் பெயர் கிடைக்கும். மீதிப் பேரில்தான் இயன்மருத்துவத்துக்கு வேலை. சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல வளர்கிறது. வளரும்போது வழிதவறி, வாய்க்குப் போகவேண்டிய இழை கண்ணுக்குப் போய்ச் சேர்வதுண்டு. சில மாதங்கள் கழித்து, சிரித்தால் கண் சுருங்கும், கண்ணை மூடினால் வாய்க்கோடி இழுபடும். பலூன் ஊதுதல், முழுப்பலத்தோடு முகத்தைச் சுளித்தல் போன்ற பயிற்சிகள் இந்தக் கூட்டசைவைப் பழக்கமாக்கிவிடும் என்பதால்தான் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயிற்சிமுறை தலைகீழாக மாறியது. கண்ணாடிக்கு முன் இருந்து, வாய்க்கோடியை மிக மெதுவாக, மிகச் சிறிதளவே உயர்த்த வேண்டும். கண் சுருங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணைத் தளர்த்தி, மீண்டும் தொடங்க வேண்டும். நெதர்லாந்தில் இத்தகைய பயிற்சியை உருவாக்கியதில் ஊமநடிப்புக் கலைஞர் ஒருவருக்கும் பங்குண்டு. கூத்து மரபுள்ள ஊர்களுக்கு இது வியப்பாக இராது.

இந்தப் பயிற்சிக்கும் ஆதாரம் மெலிவுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2011இன் கொக்ரேன் மீளாய்வு பயிற்சிக்குக் குறைந்த தரச் சான்றே இருப்பதாகச் சொன்னது. ஆனால் நாட்பட்ட, நடுத்தரப் பாதிப்புள்ளவர்களுக்குப் பயன் தெரிவதாகவும், மின்தூண்டலால் பயனில்லை என்றும் அதே மீளாய்வு சொன்னது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வீட்டிலே கண்ணாடி பார்க்கச் சொல்வது தீவுமக்களைக் கைகழுவும் வழி என்பது இன்னொரு மறுப்பு. முதல் 72 மணிநேரத்தை மறந்தால் அது உண்மையாகிவிடும். ஸ்கொட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அந்த அவகாசத்துக்குள் பிரெட்னிசொலோன் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94.4 சதவீதத்தினர் தேறினார்கள். அது பெறாதவர்களில் 81.6 சதவீதத்தினர். மருந்து சாதாரண மாத்திரைதான். ஆனால் சோளகம் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகை நம்பி மூன்று நாளை இழக்கக்கூடாது. நெடுந்தீவு வைத்தியசாலையிலேயே நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும்: நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளைப் பக்கவாதத்தைச் சந்தேகித்து உடனே கரைக்கு அனுப்பவேண்டும். மூடாத கண்ணுக்கு அந்த உப்புக்காற்றும் புழுதியும் பகை. பகலில் சொட்டுமருந்தும் இரவில் களிம்பும் ஒட்டுநாடாவும் அவசியம். யாழ்ப்பாணப் பயணம் பிறகு தேவைப்படலாம்: சில மாதமாகியும் அசைவு திரும்பாதபோது, அல்லது சிரிப்போடு கண் சேர்ந்து மூடத் தொடங்கும்போது. அப்போது இயன்மருத்துவரின் கண் வேண்டும். எந்த அசைவைக் குறைக்கவேண்டும் என்று நோயாளியின் முகத்திலேயே காட்டிக்கொடுக்க அவரால்தான் முடியும்.