கட்டில்களுக்கு நடுவே

பள்ளங்கிக் கிராமத்துக்கு மேலே கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் எதற்கு வந்தார்கள்? காற்றுக்காக. 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். கீழே காய்ச்சல், மேலே பங்களா. சிப்பாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1918 ஜூன் 10. பம்பாய் போலீஸ் ஆஸ்பத்திரியில் ஏழு சிப்பாய்கள் காய்ச்சலோடு வந்து படுத்தார்கள். மலேரியா இல்லை, இன்ஃப்ளூயன்ஸா. அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பார்த்தவர். மே கடைசியில் வந்த கப்பல்தான் கொண்டுவந்தது என்றார் நகரச் சுகாதார அதிகாரி டர்னர். கப்பல்காரர்களுக்கே பம்பாயில்தான் ஒட்டியது என்றது இந்திய அரசு. பழியைத் தட்டிக்கழிப்பதில் சர்க்காருக்கு அன்றும் குறைவில்லை. செப்டம்பரில் அடுத்த அலை வந்தது, முன்னதைவிடக் கொடியதாக. ரயில் போன ஊருக்கெல்லாம் காய்ச்சலும் போனது; நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். சென்னை மாகாணம் பம்பாய் அளவுக்கு அடிவாங்கவில்லை. இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள், அதாவது படைக்கு ஆள் எடுக்கும் வயதினர், அதிகம் செத்தார்கள். காய்ச்சலைத் தொடர்ந்த நிமோனியாதான் பலரை முடித்தது.

நெருக்கம் என்ன செய்யும் என்பதற்கு 'தஹிதி' கப்பலைப் பார்க்கலாம். அதே ஆண்டு ஜூலையில் முதல் உலகப் போருக்காக நியூசிலாந்துப் படையை ஏற்றிப் புறப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் நின்றபின் நோய் கிளம்பியது. ஏறத்தாழ 1,200 பேரில் பத்துக்கு ஒன்பது பேர் படுத்தார்கள். 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் கணக்கைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்தது விசித்திரமான விவரம்: பொதுத் தளத்தில் தூளி கட்டித் தூங்கியவர்களைவிட, கேபின் படுக்கைகளில் படுத்தவர்கள் பல மடங்கு அதிகம் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த கேபின்தான் காரணம் என்பது அவர்கள் ஊகம். மார்கழிக் குளிருக்குக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் படுக்கும் நம் மலைக்காரர்களுக்கு இது பிடிக்காத சேதிதான்.

அமெரிக்க ராணுவ முகாம்களில் கட்டில்களுக்கு நடுவே துணித் தடுப்பு கட்டினார்கள். ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் படுக்க வைத்தார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே ஒரு ஆள் நீளமாவது கிடைக்குமே என்ற கணக்கு. ஆனால் இது கரையில்தான். ஐரோப்பாவுக்குப் படை ஏற்றிய கப்பல்களில் ஏது இடம்? துருப்புகள் அனுப்புவதை நிறுத்தலாமா என்று அக்டோபரில் அதிபர் வில்சன் படைத் தலைவர் பெய்ட்டன் மார்ச்சைக் கேட்டார். கூடாது என்றார் மார்ச். ஜெர்மனி தளர்ந்துகொண்டிருந்தது, அந்த நேரத்தில் அனுப்புவதை நிறுத்தினால் எதிரி நிமிர்ந்துவிடுவான் என்பது அவர் வாதம். கப்பல்கள் போய்க்கொண்டேயிருந்தன.