விலக்கும் இருக்கையும்: 1972 சட்டத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்

1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தை எழுதியவர்கள் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகளை மறந்துவிட்டார்கள் என்ற வாசிப்பு துறைக்குள் வெகுகாலமாக வழங்கிவருகிறது. அதன் வாதம் இப்படிப் போகும்: அன்று இந்தியாவில் இந்தத் தொழிலே சரியாக உருப்பெறவில்லை, தில்லி திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் இதற்கென ஒரு துறை தொடங்கியதே 1972-இல்தான், கண்ணில் படாத தொழிலுக்கு யார் இருக்கை போடுவார்கள்? ஆகவே கட்டடக்கலைக் கவுன்சிலில் இன்று வாக்குரிமையுள்ள ஓர் இடம் கேட்பது, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் எளிய கோரிக்கைதான். யார் மீதும் பழி போடாத வாதம் என்பதால் கருத்தரங்க மேடைகளில் இது எளிதில் எடுபடும். ஆனால் சட்டத்தின் வாசகம் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உடனே ஒரு வரம்புரை வருகிறது. அதன் ‘அ’ கூறு, ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்’ அல்லது ‘நேவல் ஆர்க்கிடெக்ட்’ என்று பதவிப்பெயர் பெற்ற ஒருவர் தொழில் செய்வதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று விலக்களிக்கிறது. அதற்கும் கீழே இரண்டு வரி விளக்கம். தாவரங்கள், மரங்கள், நிலக்காட்சி ஆகியவை தொடர்பான திறந்தவெளிகளின் வடிவமைப்பைக் கையாளும் ‘ஒரு நபர்’ லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். கப்பல்களின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் கையாளும் ‘ஓர் ஆர்க்கிடெக்ட்’ நேவல் ஆர்க்கிடெக்ட். ஆக, சட்டம் இவர்களைப் பார்த்திருக்கிறது, பெயர் சொல்லியிருக்கிறது, வரையறையும் தந்திருக்கிறது. அதன் பிறகுதான் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இதை மறதி என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு வரிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கப்பல் கட்டுபவர் சட்டத்தின் பார்வையில் ஆர்க்கிடெக்ட். வெளிகளை வடிவமைப்பவர் வெறும் நபர். எதிர்பார்ப்புக்கு நேர்மாறான வரிசை இது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1952 முதல் கற்பிக்கப்பட்டுவரும் கப்பல் வடிவமைப்பு முழுக்கப் பொறியியல் படிப்பு. கட்டடக்கலைப் பள்ளிகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்த கை, பக்கத்து வரியில் நபர் என்று எழுதியது ஏன்?

வரைவாளரின் கவனக்குறைவு என்பது ஒரு விடை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நம் சட்டங்களில் இதைவிடப் பெரிய சறுக்கல்கள் உண்டு. என்றாலும் வேறொரு விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. வரைவாளர் மனத்தில் இருந்தவர்கள் அரசுத் தோட்டக்கலைப் பிரிவுகளின் அதிகாரிகள். புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைக் கட்டடக் கலைஞர் லட்டியன்ஸ் வரைந்தார். அதை நட்டு வளர்த்தெடுத்தவர் தோட்டக்கலையாளர் டபிள்யூ. ஆர். மஸ்டோ. விடுதலைக்குப் பிறகும் தில்லியின் பூங்காக்களை அலிக் பெர்சி-லங்காஸ்டர் போன்ற தோட்டக்கலை அலுவலர்களே நிர்வகித்தார்கள். சண்டிகரின் சாலை மரங்களைத் திட்டமிட்ட எம். எஸ். ரந்தாவா ஐ.சி.எஸ். அதிகாரி, தாவரவியல் அறிஞர். மஸ்டோ முதலான இந்த மூவரில் ஒருவரும் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர் அல்லர். திறந்தவெளியை வடிவமைப்பவர் என்று அன்றைய அமைச்சகக் கோப்பில் யாராவது எழுதியிருந்தால், இத்தகையோரைத்தான் எழுதியிருக்க முடியும். ‘பதவிப்பெயர் பெற்ற’ என்ற தொடரும் இதற்கே சான்று சொல்கிறது. பல்கலைக்கழகம் தருவது பட்டம். பதவிப்பெயரைத் தருவது வேலை கொடுப்பவர். வரையறையில் ‘தாவரங்கள், மரங்கள்’ என்று பச்சை முன்வரிசையில் நிற்பதும் தற்செயல் என்று தோன்றவில்லை.

சான்று மெலிந்ததுதான்: ஒரு சொல் வேறுபாடு, ஒரு தொடர், சூழ்நிலை. 1968-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவிலேயே இந்த விளக்கம் இருந்ததா, கூட்டுக் குழுவில் நுழைந்ததா என்பதை இறுதிச் சட்ட வாசகத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. கூட்டுக் குழுதான் சேர்த்தது என்று நிறுவப்பட்டால், யாரோ கேட்டுப் பெற்ற விலக்கு இது என்ற என் ஊகம் வலுக்கும். மூல மசோதாவிலேயே இருந்ததென்றால் தளரும். இரண்டில் எது சரியானாலும் மறதி வாசிப்பு மட்டும் பிழைக்காது.

அந்த வாசிப்புக்கு இரண்டாவது கால் ஒன்று உண்டு. இருக்கை என்பது அமைப்பு இருந்தவர்களுக்கே கிடைத்தது. இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகள் சங்கம் உருவானது 2003-இல். 1972-இல் யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது? கவுன்சிலின் அமைப்பைச் சொல்லும் 3-ஆம் பிரிவைப் படித்தால் முதல் பார்வைக்கு இது பொருந்துவது போலவே இருக்கும். இந்தியக் கட்டடக் கலைஞர்கள் கழகம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறது; கட்டடக்கலைக் கல்வி நிறுவனத் தலைவர்கள் ஐந்து பேரை; தொழில்நுட்பக் கல்விக் குழு இருவரை நியமிக்கிறது; பாதுகாப்பு, ரயில்வே, மத்தியப் பொதுப்பணித் துறை ஆகியவற்றின் தலைமைக் கட்டடக் கலைஞர்கள் பதவி வழியாக வருகிறார்கள்; ஒவ்வொரு மாநில அரசும் ஒரு கட்டடக் கலைஞரை அனுப்புகிறது. இவர்களோடு, 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் தன் உறுப்பினர் இருவரையும், நில அளவையாளர்கள் நிறுவனம் ஒருவரையும் நியமிக்கின்றன. பழைய அமைப்பு, ஆகவே இருக்கை. கணக்கு நேராகத்தான் தெரிகிறது.

ஆனால் இந்திய நகரமைப்பாளர்கள் நிறுவனம் 1951-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. அதற்கு ஓர் இடமும் இல்லை. எனவே அமைப்பு இருந்தாலே இருக்கை உறுதி என்று சொல்ல வழியில்லை.

பொறியாளருக்குக் கிடைத்து நகரமைப்பாளருக்குக் கிடைக்காமல் போனதன் காரணத்தை மசோதாவின் நோக்கவுரையில் தேடலாம். இந்தச் சட்டம் பட்டத்தை மட்டுமே காக்கிறது, கட்டட வடிவமைப்பையும் மேற்பார்வையையும் கட்டுமானத்தையும் கட்டடக் கலைஞர்களின் தனியுரிமை ஆக்கவில்லை, தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளாத வரை பொறியாளர்கள் வழக்கமான பணிகளைத் தொடரலாம் என்று அது மெனக்கெட்டு உறுதியளிக்கிறது. 2020 மார்ச்சில் முகேஷ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டிய முடிவும் இதுவே. அத்தனை சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சச்சரவு பொறியாளர்களோடு இருந்தது என்றுதான் பொருள். கட்டட வேலையில் எல்லைத் தகராறு இருந்தவர்களுக்கு இருக்கை கிடைத்தது. தகராறு இல்லாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. பூங்கா அலுவலரோடு சண்டை போட ஆர்க்கிடெக்ட்டுக்கு அன்று எந்தக் காரணமும் இல்லை. சண்டை இல்லாத இடத்தில் இருக்கைக்குப் பதில் விலக்கு போதுமானதாக இருந்தது. அன்றைக்கு அதைச் சலுகையாகவே எண்ணியிருப்பார்கள். பதிவுக் கட்டணம் இல்லை, ஒழுங்கு நடவடிக்கை இல்லை, பட்டத்துக்கும் தடை இல்லை.

விலக்கின் விலை பிறகுதான் தெரிந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005 பதிப்பு, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்கு அத்துறையில் இளநிலை அல்லது முதுநிலைப் பட்டம் வேண்டும் என்றது. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலங்களில், பெருநகரங்களில் 2 ஹெக்டேரிலிருந்தே, அனுமதிக்கான நிலக்காட்சி வடிவமைப்பை உரிமம் பெற்ற அவருக்கு உரியதாக்கியது. உரிமம் தருவது உள்ளாட்சி. தேசியப் பதிவேடு எங்கும் இல்லை. சட்டம் ‘நபர்’ என்றவரை விதித்தொகுப்பு பட்டதாரி என்கிறது. இன்று அவர் வரையும் தாள்களும் செடிப் பட்டியலோடு நிற்பதில்லை. நிலமட்ட வரைபடத்தில் சரிவு தவறினால் மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இறங்கும். மேல்தளத் தோட்டத்தில் ஈரமண்ணின் எடையைக் கட்டமைப்புப் பொறியாளருக்குச் சரியாகச் சொல்லாவிட்டால் கூரைப் பலகை விரிசல் விடும். பொதுமக்கள் பாதுகாப்பைத் தொடும் இந்த வேலையில் பிழை நேர்ந்தால், பதிவேட்டில் இல்லாத ஒருவரைக் கவுன்சில் கேள்வி கேட்க முடியாது.

வெளிநாட்டு முன்மாதிரிகள் இங்கே ஓரளவே உதவும். 1953-இல் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகளுக்குச் சட்டம் இயற்றிய கலிபோர்னியா, 1997-இல் அவர்களின் தனி வாரியத்தை இழந்து, 1998 முதல் அவர்களைக் கட்டடக் கலைஞர் வாரியத்தின் கீழ் ஐவர் கொண்ட தொழில்நுட்பக் குழுவாக்கியது. அக்குழு ஆலோசனை சொல்லும், வாரியம் வாக்களிக்கும். டெக்சாஸ் 1979-இல் இரு வாரியங்களை இணைத்தது. அங்கே ஒன்பது பேரில் ஒருவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், முழு வாக்குடன். இரண்டு இடங்களிலும் உரிமம் முதலில், இருக்கை பற்றிய பேச்சு பிறகு. நம்மிடம் உள்ளாட்சி தருவதைத் தாண்டி உரிமமே இல்லை.

பதிவேட்டில் இல்லாதவர் கவுன்சிலில் எப்படி வாக்களிப்பது என்ற எதிர்ப்பு அடிக்கடி எழுகிறது. பொறியாளர் நிறுவனத்தின் இருவரும் அளவையாளர் ஒருவரும் அரை நூற்றாண்டாக அதைத்தான் செய்துவருகிறார்கள். தலைவர், துணைத் தலைவர் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கு உண்டு. 3-ஆம் பிரிவே இந்த எதிர்ப்புக்குப் பதில். ஆகவே 2003 சங்கத்துக்கு ஒரு நியமன இடம் தருவதில் சட்டத்தின் தர்க்கம் குறுக்கே நிற்காது.

என் தயக்கம் வேறு. 37-ஆம் பிரிவின் விலக்கைத் தொடாமல் இருக்கை மட்டும் கொடுத்தால், தம் தொழிலைக் கட்டுப்படுத்தாத ஒரு கவுன்சிலில் அவர்கள் பிறர் தொழில் பற்றி வாக்களிப்பார்கள். விலக்கை நீக்கிப் பதிவேட்டில் தனிப்பகுதி திறந்தால், தோட்டக்கலை வழியாக வந்து இப்பெயரில் தொழில் செய்பவர்களை என்ன செய்வது என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். இப்போதைக்குத் திருத்தம் தேவைப்படாத வழி ஒன்று உண்டு: பி.ஆர்க். முடித்துப் பதிவு பெற்று, அதன்மேல் நிலக்காட்சியில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் அந்த முதுநிலைப் படிப்பு உண்டு. தமிழக அரசு தன் மாநில உறுப்பினராக அப்படி ஒருவரை அனுப்பலாம். அவர் அங்கே ஆர்க்கிடெக்ட்டாகத்தான் உட்காருவார்.