காமன் பொட்டலும் மண்டப மேடையும்: மஸ்கெலியாவில் ஒரு மாசி இரவு

காமன்கூத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு மண்டபத்தில். குளிரூட்டிய அறை, வரிசையாகக் கதிரைகள், மேடையில் வண்ண விளக்குகள். நிகழ்ச்சி நிரலில் ‘மலையகப் பாரம்பரிய நடனம், 20 நிமிடம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். ரதியும் மன்மதனும் ஆடினார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கைதட்டினோம். அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. ரதி அழவில்லை, அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் காமன்கூத்து என்றால் ரதியின் அழுகைதான். என் அப்பாயி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தார். மாசி பிறந்தால் அடுப்படியில் இருந்தபடி ரதி அழும் பாட்டை முணுமுணுப்பார். 2009 இல் மெனிக் பாம் கூடாரத்திலும் அதைத்தான் முணுமுணுத்தார். அவருடைய கடைசி மகன், என் சித்தப்பா, அப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

அப்பாயி இப்போது இல்லை. அவர் பாடியது எந்தக் கூத்தின் எந்த இடம் என்று பார்க்க, கடந்த மாசியில் மஸ்கெலியாவுக்குப் போனேன். அங்கே பார்த்ததையும் கேட்டதையும், காமன்கூத்தை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கதையும் காலமும்

காமன்கூத்து மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் கூத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களோடு வந்தது. தமிழ்நாட்டிலும் காமன் பண்டிகை உண்டு. அங்கே மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் லாவணி பாடி வாதிடுவார்கள். மலையகத்தில் தோட்டமே சேர்ந்து ஆடும் கூத்தாக அது நின்றுவிட்டது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்த புராணம்தான். சிவன் கடுந்தவத்தில் இருக்கிறார். அந்தத் தவத்தைக் கலைக்க வேண்டும் என்று தேவர்கள் மன்மதனுக்கு ஓலை அனுப்புகிறார்கள். தூதன் ஓலையைக் கொண்டுவருகிறான். ரதி கெட்ட கனவு கண்டிருக்கிறாள், போகவேண்டாம் என்று தடுக்கிறாள். மன்மதன் கேட்காமல் போகிறான், மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடுகிறாள். கடைசியில் மன்மதன் உயிர் பெறுகிறான். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

மகா சிவராத்திரிக்குப் பின் வரும் அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறையில் ‘காமன் ஊன்றுவார்கள்’. கரும்பு, ஆமணக்கு, வைக்கோல், வரட்டி முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிய கம்பத்தைப் பொட்டலில் நடுவது அது. எதை எதைச் சேர்ப்பது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றிப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்கும். இரண்டு வாரமளவில், வளர்பிறை முற்றிய ஓர் இரவில் விடியவிடியப் பெரிய கூத்து. விடியும் நேரத்தில் காமன் எரிவான். மூன்றாம் நாள் உயிர் எழுப்பும் சடங்கோடு எல்லாம் முடியும்.

வேடம் கட்டுபவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். தோட்டத்திலேயே வேலை செய்பவர்கள், அல்லது அங்கே பிறந்து கொழும்பில் கடைகளில் வேலை செய்பவர்கள். பலர் நேர்த்தி வைத்து, விரதமிருந்து வேடம் ஏற்கிறார்கள். ரதிக்கும் ஆண்தான் வேடம் கட்டுகிறார். கூத்தைப் பழக்குபவர் வாத்தியார். பாட்டுகள் அவருடைய நினைவிலும் பழைய கொப்பிகளிலும் இருக்கின்றன.

அந்த இரவு

ஹட்டனில் இருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மஸ்கெலியா ஏற்கனவே ஒருமுறை இடம்பெயர்ந்த ஊர். மவுசாகலை நீர்த்தேக்கத்தை 1960களின் இறுதியில் கட்டியபோது பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. இன்றுள்ள நகரம் அதற்குப் பின் மேட்டில் எழுந்தது. வரட்சியில் நீர் வடியும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் சேற்றுக்குள்ளிருந்து தெரியும். சனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நகரிலிருந்து முச்சக்கர வண்டியில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது இரவு எட்டு மணி. கோயிலுக்குக் கீழே, இரண்டு லயங்களுக்கு நடுவே ஒரு சமதரை. அதுதான் காமன் பொட்டல். மற்ற நாட்களில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் இடம். மேடை இல்லை, திரை இல்லை. நடுவில் கம்பம், சுற்றிச் சனம். குளிருக்குக் கம்பளி போர்த்திய கிழவிகள் சாக்கை விரித்து முன்னால் இருந்தார்கள். யாரோ என் கையில் இஞ்சி போட்ட தேத்தண்ணியைத் தந்து, எந்த லயத்துக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். அப்பாயியின் பெயரைச் சொன்னேன். ஒரு கிழவிக்கு அவரைத் தெரிந்திருந்தது. அதன் பிறகு நான் விருந்தாளி இல்லை.

தப்பை நெருப்பில் காய்ச்சி அடிக்கத் தொடங்கினார்கள். அடி மாறும்போது ஆட்டக்காரரின் கால் மாறுகிறது. தூதன் வரும் அடி வேறு, வீரபத்திரன் வரும் அடி வேறு. வீரபத்திரன் வந்தபோது பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். குறவன் குறத்தி வந்து தோட்டத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார்கள், சம்பளத்தையும் தலைவர்மாரையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் வேடக்காரர்கள் லயம் லயமாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் குத்துவிளக்கும் தண்ணீரும் வைத்து ரதியையும் மன்மதனையும் வரவேற்றார்கள். பகலில் அவர் யார் என்று தெரிந்த பெண்களே அந்த இரவில் ரதியைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

விடியப்போகும் நேரத்தில் காமன் எரிந்தான். அதற்குப் பிறகுதான் ரதி அழத் தொடங்கினாள். அந்த அழுகை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நடந்தது. தப்பு மெல்ல அடங்கியது. ரதி ஒவ்வொரு பக்கமாகப் போய், இருந்த பெண்களிடம் தன் புருஷனைக் கண்டீர்களா என்று கேட்பதுபோல் நின்று நின்று அழுதாள். பெண்களும் சேர்ந்து அழுதார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மலையில் மரம் விழுந்து செத்த தன் கணவனைச் சொல்லி அழுதார். அப்பாயி முணுமுணுத்த இராகம் அதுதான். ஆறு வயதில் நான் கேட்டதும் கூடாரத்தில் கேட்டதும் இந்த இடம்தான் என்று அப்போது விளங்கியது.

மன்மதன் உயிரோடு இருக்கிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் படங்களோடு உட்கார்ந்த தாய்மாருக்கு இந்தக் கதையின் முடிவை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பேராதனை எடுத்ததும் எடுக்காததும்

கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோவது பிழை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் நாடக வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம் ஒன்று அப்படித்தான் எழுதப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்து மரபை எடுத்து, விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, படித்தவர்களின் அரங்குக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962 இல், நொண்டி நாடகம் 1963 இல், இராவணேசன் 1964 இல், வாலிவதை 1967 இல் மேடையேறின. கூத்து என்றால் படிப்பறிவில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தை அவை உடைத்தன. அதேபோல் சித்திரசேன, கொஹொம்ப கங்காரிய என்ற சடங்கில் வேரூன்றிய கண்டிய நடனத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1944 இல் அவர் தொடங்கிய கலாயதனத்தின் நடனக் குழு இன்றும் உலகம் சுற்றுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேராதனை மலைநாட்டில்தான் இருக்கிறது. சுற்றுவட்டத் தோட்டங்களில் மாசி தோறும் தப்பு கேட்டிருக்கும். பேராதனையின் அந்த நான்கு நாடகங்களும் மட்டக்களப்புக் கூத்திலிருந்தே எழுந்தன. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களின் கூத்து, தேசியக் கலையைத் தேடியவர்களின் கண்ணுக்கு அன்று தெரியவில்லை. அதே 1964 இல்தான் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் கணக்குப் போட்டது. தன் அப்பா காலத்தில் ரதிக்கு வேடம் கட்டியவரும் உடுக்கடித்தவரும் கப்பலேறிவிட்டதால் சில வருஷம் கூத்தே நடக்கவில்லை என்றார் நான் சந்தித்த வாத்தியார்.

வடக்கில் வாழும் நாங்களும் இதிலிருந்து தப்பமுடியாது. 1977 க்கும் 1983 க்கும் பிறகு வன்னிக்கு வந்தவர்களை ‘தோட்டக்காட்டார்’ என்றோம். முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, அப்பாயியின் பாட்டும் ஒரு கூத்துத்தான் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நான் வகுப்பில் அதைச் சொல்லவும் இல்லை. தோட்டத்தாள் என்று தெரிந்துவிடும் என்ற பயம்.

பொட்டல் யாருடையது?

மலையகக் கலைக்கு மண்டபங்கள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பிள்ளைகள் மழை நனையாமல் பழக ஓர் இடம் வேண்டும். ஆனால் மண்டபம் கிடைத்தால் காமன்கூத்து பிழைத்துவிடும் என்பது உண்மையல்ல. வாத்தியாரோடும் ஆட்டக்காரரோடும் இருந்து கதைத்ததில் மூன்று விடயங்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது நிலம். 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகத்துக்காகக் கம்பனிகளிடம் போன காணிகள் இவை. லயக் காம்பராவுக்கே உறுதி இல்லாதபோது பொட்டலுக்கு எப்படி உறுதி இருக்கும்? அந்தச் சமதரையில் எதுவும் கட்டப்படலாம். மஸ்கெலியா மக்களுக்கு இடம் பறிபோவது புதிதல்ல.

இரண்டாவது நேரம். தோட்டத்தில் சம்பளம் நாட்கணக்கு. இரவு விழித்தவர் காலையில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். கொழும்பில் வேலை செய்யும் இளைஞனுக்கு இரண்டு வாரம் விடுமுறை கிடைக்காது. அதனால் பல இடங்களில் கூத்து கடைசி ஓரிரு இரவுகளாகச் சுருங்குகிறது. பெரிய இரவுக்கு மட்டும் வருபவருக்கு ஆட்டம் வரும், பாட்டு வராது.

மூன்றாவது மரியாதை. தப்பு இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் தப்படிப்பவரைச் சாதி சொல்லி ஒதுக்கிவைத்த வரலாறு தோட்டங்களுக்குள்ளும் உண்டு. தகப்பன் பட்ட அவமானத்தைப் பார்த்த மகன் தப்பைத் தொட மறுக்கிறான். அவனைக் குறைசொல்ல முடியாது. பெண்களின் இடமும் இதில் சேரும். ரதியின் துயரத்தை முழுமையாக அறிந்த பெண்கள் சாக்கின் மீது இருந்து பார்க்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே 2002 இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் பழக்கிக் காட்டியது. இங்கேயும் அதைக் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் சீலாமுனையை மையமாக வைத்து சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கூத்தைக் களரியிலிருந்து பிடுங்காமல், ஆடும் சமூகத்தோடு இருந்து, சாதி, பெண் பற்றிய கேள்விகளை அவர்களோடு சேர்ந்தே பேசி மாற்றுவது அது. மலையகத்துக்கும் பொருந்துவது அதுதான் என்று நினைக்கிறேன். பொட்டலுக்குக் காணிப் பத்திரத்தில் ஓர் இடம், மாசியில் சம்பளத்தோடு இரண்டு நாள், வாத்தியாரின் கொப்பிகளுக்கு ஒரு பிரதி. மண்டபம் இவற்றுக்குப் பிறகு வரட்டும். மண்டபத்தில் ஆடினாலும் ரதி அழுவதற்கு நேரம் விடட்டும்.

காலையில் நான் புறப்படும்போது ரதி வேடம் கட்டியவர் முகத்து அரிதாரத்தை முழுதாகக் கழுவாமலே பீலிக்கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குப் பிரட்டு. மூன்றாம் நாள் உயிர் எழுப்பும்போது நிற்கச் சொன்னார். எனக்கு வேலை இருந்தது, நிற்கமுடியவில்லை. அடுத்த மாசியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வன்னியில் இன்றும் மலையகத்திலிருந்து வந்த பாட்டிமார் பலர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், காமன் பாட்டுத் தெரியுமா என்று கேளுங்கள். பாடினால் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அப்பாயி பாடியதை நான் பதிவு செய்யவில்லை.