பெரியவர் போட்டிருந்த கட் ஷூ

போன மாசி மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒரு பெரியவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். நாலு முழ வேட்டி, வெளுத்த சட்டை, மடியில் மஞ்சள் பை. இப்படிப்பட்டவர்களை நம் ஊரில் எந்தப் பெஞ்சிலும் பார்க்கலாம். என் கண்ணைப் பிடித்தது அவர் காலில் இருந்த ஷூதான். கறுப்புத் தோல், தாழ்வான வெட்டு. கயிறு இல்லை, வார் இல்லை, பக்கிளும் இல்லை. விரல்களையும் குதிகாலையும் மட்டும் மூடி, புறங்காலை முழுக்கத் திறந்து விட்டிருந்தது. உள்ளே சாக்ஸ் கிடையாது. அத்தனை புழுதியிலும் அது மட்டும் பளபளவென்று இருந்தது.

எங்கேயோ பார்த்த ஷூ. பெயர் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. கேட்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் பரளச்சி பஸ் வர, அவர் ஏறிப் போய்விட்டார்.

ரிட்டயர் ஆனவனுக்கு இது போதாதா? மறுநாளே செருப்புக் கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். கண்ணாடி போட்ட பெரிய கடையில் ஒரு பையன் செல்போனில் படம் படமாகத் தள்ளி, "லோஃபரா சார்?" என்றான். இல்லை, புறங்கால் தெரிய வேண்டும் என்றேன். யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு ஜோடி கொண்டுவந்தான். "இதா பாருங்க சார், ஆனா இது லேடீஸ் பெல்லி." என் சம்சாரத்திடம் சொன்னபோது இரண்டு நாள் சிரித்தாள்.

விடை கிடைத்தது பஸ் ஸ்டாண்டு ஓரம் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம். நான் கையால் காற்றில் வரைந்து முடிக்குமுன்பே, "கட் ஷூ" என்றார். "இப்ப யாரு சார் கேக்குறா? ஒரே ஒரு ஆளுக்குத்தான் இன்னும் செஞ்சு குடுத்துட்டு இருக்கேன். பரளச்சிப் பக்கத்துப் பெரியவரு." நான் தேடியவரேதான். மாதம் ஒரு தடவை டவுனுக்கு வந்தால் பாலிஷுக்கு இங்கே வருவாராம்.

கட் ஷூ! உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அறுபதுகளில் மிராசுதார்களும் மில் மேஸ்திரிகளும் கல்யாண மாப்பிள்ளைகளும் வேட்டிக்குக் கீழே போட்டார்கள். அதன் அண்ணன் பம்ப் ஷூ. முன்னால் சின்ன ரிப்பன் முடிச்சு இருந்தால் பம்ப், இல்லாவிட்டால் கட் என்று நாங்கள் பிரித்துச் சொல்வோம்.

பெயர் கிடைத்ததும் என் மனம் புதுச்சேரிக்குப் போய்விட்டது. அப்பா அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. புதுச்சேரி மில்லில் வேலை கிடைத்து அங்கே போனதால் எனக்குப் பிரெஞ்சு மீடியம் படிப்பு வாய்த்தது. காலில் போடுவதற்கு மட்டும் அத்தனை சொற்கள். சூலியே என்றால் ஷூ. சவாத் என்றால் தேய்ந்த பழைய செருப்பு. எஸ்கார்ப்பேன் என்றால் இந்தப் பம்ப் ஷூதான். பாபூஷ் என்ற சொல்லை வாத்தியார் எழுதியபோது நான் திடுக்கிட்டேன். எங்கள் பாட்டி அதையே பாப்பாசு என்று சொல்வாள். இரண்டுக்கும் மூலம் பாரசீகச் சொல். சப்பாத்து போர்த்துகீசியர் விட்டுப்போனது. இலங்கைத் தமிழர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். செருப்பு மட்டும் நம்முடையது. செருப்புக்குள் மாட்டிய பரல் கல்லைப் போல எதிரிக்கு உறுத்துகிற வீரன் ஒருவன் புறநானூற்றிலேயே வருகிறான். வேலமுள்ளும் பரல் கல்லும் உள்ள நம்மூர்க்காரனுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லா ஃபோந்தேனின் செருப்புத் தைப்பவன் கதையைக்கூட மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஆனால் புதுச்சேரியிலேயே நடந்த ஒரு ஷூ வழக்கை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்து வெகுகாலம் கழித்து, ஒரு பழைய புத்தகத்தில்தான் படித்தேன்.

பொன்னுத்தம்பிப் பிள்ளை புதுச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடியவர். 1873இல் ஒரு நாள் ஐரோப்பிய முறை ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். இந்தியன் என்றால் காலில் உள்ளதை வெளியே விட்டுவிட்டுத்தான் நீதிபதி முன் வரவேண்டும் என்பது அங்கே நிலவிய எண்ணம். மரியாதைக் குறைவு என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1871இலேயே பிரெஞ்சு இந்தியாவிலிருந்து பாரிஸ் பாராளுமன்றத்துக்குப் பிரதிநிதி அனுப்ப நம் ஆட்களுக்கு ஓட்டு வந்துவிட்டது. பாரிஸுக்கு மெம்பரை அனுப்பலாம், ஷூவோடு கோர்ட்டுக்குள் போகக் கூடாது.

மற்றவராக இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வழக்கைப் பார்த்திருப்பார். அன்றைய கட்சிக்காரனின் காசு, நாளைய பிழைப்பு, எல்லாம் அந்த நீதிபதி கையில் அல்லவா? பொன்னுத்தம்பி பாரிஸில் இருக்கும் மிக உயர்ந்த நீதிமன்றமான கூர் த கசாசியோன் வரை மேல்முறையீடு செய்தார், ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி, இந்தியர் தங்கள் சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஓர் ஆணை வந்தது. துறப்பவர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இயக்கத்துக்குத் தலைமை வகித்தவரும் இவரே. அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். கதவு என்று அர்த்தம்.

வெள்ளைக்காரப் பக்கமும் இதே கூத்துதான். டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1854இல், இந்தியக் கனவான்கள் ஐரோப்பிய பூட்ஸோ ஷூவோ போட்டிருந்தால் சர்க்கார் நிகழ்ச்சிகளில் அதோடு வரலாம் என்று தீர்மானம் போட்டார்கள். நம் நாட்டு மாதிரியாக இருந்தால் கழற்றத்தான் வேண்டும். அதாவது வாசலில் நிற்கும் சேவகன் வருகிறவர் முகத்தைப் பார்க்கும் முன்பு காலைப் பார்க்க வேண்டும். இது எந்த மாதிரி, யார் ஊர் வெட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டில் பொழுதுபோக்காகச் செய்ததை அவன் உத்தியோகமாகச் செய்திருக்கிறான்.

வெள்ளைக்காரனையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? நம் சீமைக்கு வருவோம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது; சட்டை, பனியன் கூடாது; மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்களுக்கு விதித்ததை எழுதக் கை வரவில்லை. எட்டாவது, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்த வருஷம் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். சித்திரை வெயிலில் கரிசல் தரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியவரை மறுபடி பார்த்தது பங்குனியில். செருப்புத் தைப்பவர் சொல்லியனுப்ப, ஓட்டமும் நடையுமாகப் போனேன். வெறுங்காலோடு கல்லில் உட்கார்ந்திருந்தார், ஷூ பாலிஷில் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இதை எப்ப இருந்து போடுறீங்க?"

"மில்லுல முத போனஸ் வாங்குன வருசம். மதுரையில வாங்குனேன். இது நாலாவதோ அஞ்சாவதோ சோடி."

அந்த முதல் ஜோடியை ஊருக்குக் கொண்டுபோனபோது அவருடைய அப்பா திண்ணையிலிருந்து இறங்கி ஓடிவந்து மறித்தாராம். தெருவில் போட்டு நடந்துவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அதனால் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, பெரிய தெருவைக் கடந்து, கண்மாய்க் கரை தாண்டி, ரோட்டுக்கு வந்ததும் புளியமரத்தடியில் உட்கார்ந்து காலைத் துடைத்துப் போட்டுக்கொள்வாராம். திரும்பும்போது அதே மரத்தடியில் கழற்றுவாராம்.

"எத்தனை வருசம் அண்ணாச்சி?"

"எங்கப்பா சாகுற மட்டும். பதினோரு வருசம்." டீயை ஆற்றிக்கொண்டார். "அவுகளுக்காகத்தான். எனக்கு அப்பவே பயம் போயிருச்சு."

"ஏன் கட் ஷூ? செருப்பு வாங்கியிருக்கலாமே?"

"செருப்புன்னா பட்டுனு கழட்டச் சொல்லிருவாக. இது ஷூ. ஆபீசு, பேங்கு எங்க போனாலும் கழட்டச் சொல்ல யோசிப்பாகல்ல?"

டல்ஹௌசியின் தீர்மானத்தை இவர் படித்ததில்லை. ஆனாலும் அதன் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆபீஸ் என்ற சொல்தான் என்னைக் குத்தியது. நான் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த இடங்களில் கழற்றச் சொல்லி எந்தப் போர்டும் இல்லை, எந்த ஆர்டரும் இல்லை. ஆனாலும் மனுவோடு வருகிறவர்களில் ஒரு சிலர் செருப்பை வராந்தாவில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் மேஜை முன் நிற்பார்கள். நான் ஷூ போட்டிருப்பேன். இன்னொரு கூட்டம் செருப்போடு நேரே வந்து நாற்காலியை இழுத்து உட்காரும். யார் எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பொன்னுத்தம்பிப் பிள்ளை கதையைப் படித்த பிறகும் அதே மேஜையில் பல வருஷம் இருந்தேன். ஒரு மனுதாரரிடமாவது, "ஐயா, செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க" என்று சொன்னதாக நினைவில்லை. வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு வாக்கியம், அதற்குச் சம்பளம்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒரு தகவல். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதற்குச் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், காலணி, புத்தாடை அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். நடக்காத ஒன்றுக்கு யாரும் மெனக்கெட்டுச் சட்டம் எழுத மாட்டார்கள்; ஃபைலில் ஆயுளைக் கழித்தவனுக்கு இது தெரியும்.

பாலிஷ் முடிந்தது. பெரியவர் காலைத் துண்டால் தட்டி, ஷூவுக்குள் விட்டு, எழுந்து நின்று இரண்டு தரம் தரையை மிதித்துப் பார்த்தார். பிறகு பரளச்சி பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

எனக்கும் ஒரு ஜோடி செய்ய முடியுமா என்று கேட்டேன். செருப்புத் தைப்பவர் தினத்தாளைத் தரையில் விரித்து, "கழட்டிட்டு ஏறி நில்லுங்க சார்" என்றார். அவர் தம் வாழ்நாளில் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பாரோ. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, குனிந்து, என் காலைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தார். தோல் திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டுமாம். சித்திரை பிறந்து வரச் சொல்லியிருக்கிறார்.