அந்த அறைக்கு வெளியே இருந்தவர்கள்

மேனேஜ்மென்ட் படித்த யாரைக் கேட்டாலும் ஹாதார்ன் கதையைச் சொல்வார்கள். சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் தொழிற்சாலை. 1927இல், தொலைபேசி ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து ஆராய்ந்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அதட்டாமல் பேசினார்கள். உற்பத்தி ஏறியது. "மனுஷனை மனுஷனா நடத்தினா வேலை தானா நடக்கும்" என்று கதை முடியும்.

எனக்கு உறுத்துவது அதில் இரண்டு பேர். ஆய்வு நூலில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, 1ஏ, 2ஏ என்ற எண்தான். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று 1928 ஜனவரியில் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருத்திக்கு வீட்டுச் சுமை அதிகம், காசு வேண்டும். அவள்தான் மற்றவர்களை விரட்டி வேலை வாங்கினாள். அதாவது, மேலதிகாரியின் அன்பைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கதை, அன்புக்குத் தோதுப்படாதவர்களைக் கழித்துக் கட்டிய பிறகு எழுதப்பட்டது.

சம்பளக் கணக்கும் மாறியிருந்தது. வெளியே சுமார் நூறு பேரின் மொத்த உற்பத்தியை வைத்துக் கூலி. உள்ளே ஐந்து பேருக்குள்ளேயே கணக்கு. பக்கத்தில் இருப்பவள் கை தளர்ந்தால் என் கூலி குறையும். தோழமைக்குக் கீழே இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

இது கூலியால் வந்ததா என்று பார்க்க, 1928 கடைசியில் இன்னொரு ஐந்து பேருக்குச் சம்பள முறையை மட்டும் மாற்றினார்கள். தனி அறை கிடையாது, எல்லோரோடும் அதே இடத்தில்தான் வேலை. உற்பத்தி 12 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஆனால் சில வாரங்களிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. மற்ற பெண்கள் பொருமினார்கள். "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை. நிறுத்தியதும் அந்த ஐவரின் உற்பத்தியும் சரிந்தது.

முதல் அறையில் இந்தப் பொருமல் கேட்காததற்குக் காரணம் சுவர்தான் என்று நினைக்கிறேன். சலுகையைப் பார்க்கவேண்டிய கண்கள் அங்கே இல்லை.

1931-32இல் பதினான்கு ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் நிலைமை நேரெதிர். அளவுக்கு மீறி வேகமாகச் செய்தால் புஜத்தில் ஒரு குத்து விழும். ஃபோர்மனிடம் போட்டுக்கொடுத்தவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதிகாரம் காட்டிய ஓர் இன்ஸ்பெக்டர், கேலி தாங்காமல், தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிப் போய்விட்டார்.