திருச்சியில் காவிரியைக் கடப்பது எப்படி?

நாகூரில் கடலில் கலக்கும் வெட்டாறும் காவிரித் தண்ணீர்தான். கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, அதிலிருந்து இன்னொரு முறை பிரிந்து, இளைத்துப் போய் இங்கே வந்து சேர்கிறது. அதனால் கடைமடைக்காரர்களுக்கு ஆற்றைக் கடப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. திருச்சிக்குப் போனால்தான் காவிரியின் அகலம் தெரியும்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் உள்ள தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஆறு! பாலம் இல்லாத காலத்தில் ஓடமும் பரிசலும்தான். கோடையில் மணலில் இறங்கி நடக்கலாம். வெள்ளம் வந்தால் தீவு தீவாகவே இருந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் 32 வளைவுகளுடன் காவிரிக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். 1928-ல் கொள்ளிடத்துக்கு இரும்புப் பாலம் வந்தது. ரயிலும் அதே காலகட்டத்தில்தான் தீவைத் தாண்டியது. வளைவுப் பாலத்துக்குப் பதிலாக இன்றைய காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது.

இரும்புப் பாலத்தின் கதை பரிதாபமானது. 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்ததும் அதில் வண்டிகள் ஓடவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து ஆற்றோடு போயின. இரண்டு வருடம் முன்னால் நடந்திருந்தால்...?

பாலத்தின் அருமை தெரிந்தது 2022 செப்டம்பரில். தூண்களின் மேலுள்ள பேரிங்குகளையும் இணைப்புகளையும் சரிசெய்ய, காவிரிப் பாலத்தை மூடினார்கள். முதலில் பைக்குகளை மட்டும் விட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எதிர்க்கரைக்குப் போக, சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. பழுதுபார்க்கச் சுமார் 7 கோடி ரூபாய் செலவு என்று கணக்கு உண்டு. ஆனால் சுற்றிப் போன பஸ்ஸும் ஆட்டோவும் எரித்த டீசலுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் இழந்த தூக்கத்துக்கும் யார் கணக்கு வைத்தார்கள்? அக்கவுண்டன்ஸியில் எந்த லெட்ஜரிலும் ஏறாத செலவு அது!

2023 மார்ச்சில் பாலம் மறுபடி திறந்தது. சாயங்காலம் காற்று வாங்க வரும் கூட்டமும் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றுவிட்டது. அடுத்து, பக்கத்திலேயே இன்னொரு புதுப் பாலத்துக்கும் வேலை ஆரம்பமானது.